மருதம்மாளின் மேற்கல்

"கல்லக் குடுங்க சார்! நான் போலீசுக்குப் போக வரல, கல்ல வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்!"

"எந்தக் கல்? வீட்டு வாசல்ல நிண்டு கத்தாதை! எனக்கு ஒரு கல்லும் தெரியாது!"

"ஒங்க வேன்ல ஏத்துனத நம்ம தோட்டத்து சின்னையா பாத்திருக்கான். நம்பர்கூடச் சொல்றான்லா!"

"அவன் குடிச்சுப்போட்டு ஆயிரம் சொல்லுவான்!"

சுங்கைப் பட்டாணியின் அந்தத் தாமான் குடியிருப்பில் சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இல்லாதவர்கள்கூட அன்று ஊற்றினார்கள். எதிர்வீட்டு வாசுகி ஒரே கற்றாழைத் தொட்டிக்குள் குழாயைப் பிடித்தபடி நின்றாள். தொட்டி வழிந்தது, செருப்பு நனைந்தது, காது மட்டும் நகரவில்லை. பின்னே? குப்பை போடக்கூட முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டு வரும் வல்லிபுரம், ஓய்வுபெற்ற நிலஅளவை அதிகாரி, யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர், வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவது தினமும் கிடைக்கும் காட்சியா?

வெளியே நின்றவர் இருளப்பன். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறியதும் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போய், இப்போது ஒரு தொழிற்சாலையில் காவலுக்கு நிற்கிறவர். அவர் திடீரென்று கத்துவதை நிறுத்தினார். வல்லிபுரத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"அது என் அக்கா கல்லு சார். மருதம்மா. நெறமாசத்துல தோள்ல காண்டாக் கம்புல ரெண்டு வாளி ரப்பர்ப் பாலத் தூக்கிக்கிட்டு வந்தவ, வாய்க்கா பலகையில வழுக்கி விழுந்து போயிட்டா. வயித்துல இருந்தது வயித்தோடவே போச்சு. அதுக்குத்தான லயத்து வீட்டு ஆளுங்க சுமைதாங்கி நட்டாங்க. போறவன் வர்றவன் பாரத்த எறக்கி வச்சு ஒரு மூச்சு விட்டா, அவளுக்கும் கொஞ்சம் எறங்கும். இப்ப மேல் கல்ல மட்டும் காணோம். அவ எங்க சார் எறக்கி வைப்பா?"

"நீ சொல்லுறது எனக்கு விளங்கேல்லை."

விளங்கியது. அவருடைய அப்பாவின் ஊரிலும் பாதையோரத்தில் அப்படி ஒன்று நின்றது. நட்டுவைத்த இரண்டு தூண்கல், குறுக்கே ஒரு மேற்கல், மேற்கல்லில் பிள்ளை வயிற்றோடு இறந்தவளின் பெயர். சின்ன வயதில் அதன்மேல் புத்தகப் பையை வைத்து இளைப்பாறியிருக்கிறார்.

இருளப்பனின் பார்வை வல்லிபுரத்தைத் தாண்டி உள்ளே போனது. முன்கூடத்து நாற்காலியில் ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் ஏந்தியபடி ரஜனி உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் ஒரே மகள்.

"அக்காவுக்கு இருட்டு பழக்கம் சார். விடியறதுக்கு முன்னயே பாலெடுக்க மரம் வெட்டப் போனவ. கண்ணால பாக்க மாட்டா, கையால தடவித்தான் பாப்பா. கெடையா எது தட்டுப்படுதோ அதும்மேல வைப்பா." செருப்பை மாட்டிக்கொண்டார். "வீட்ல புள்ளத்தாச்சி வேற இருக்கு. பாத்துக்கங்க."

கதவைப் பூட்டிவிட்டு வல்லிபுரம் திரும்பினார். மனைவி மனோகரி சமையலறையில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். ரஜனி கைப்பேசியில் கணவனோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில், ஆள் இல்லாத சாப்பாட்டு மேசைப் பக்கம், யாரோ நீண்ட தூரம் சுமந்து வந்த பாரத்தைக் கீழே வைத்து மூச்சு விட்டார்கள்.

ஸ்ஸ்... அப்பாடா.

மேசை ஒரு முறை முனகியது. அருகே போய்ப் பார்த்தார். பளபளப்பான பலகையின் நடுவில், வாளியின் அடிப்பாகம் அளவுக்கு, வெள்ளையாக ஓர் ஈர வட்டம்.

*

கல் பின்கட்டுச் சாமான் அறையில், பழைய திரைச்சீலைக்குள் சுற்றிக் கிடந்தது.

அது பழைய கல்தான். அதில் பொய்யில்லை என்று வல்லிபுரம் தமக்குத் தாமே பலமுறை சொல்லிக்கொண்டார். ஒரு விளிம்பில் தேய்ந்த தாமரை இதழ் வரி இருந்தது. ஏதோ ஒரு காலத்துக் கோயிலின் நிலைக்கல். ஆற்றங்கரையில் கிடந்ததைத் தோட்டத்து ஆட்கள் தூக்கி வந்து மருதம்மாளுக்கு மேற்கல்லாக்கினார்கள். அவர் செய்தது என்ன? மண்வாரி எந்திரம் வருவதற்குள் காப்பாற்றினார். அதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு சிறு பகுதியை மட்டும் விட்டுவிட்டார். ஆற்றங்கரையில், மண்ணுக்குள், மனிதக் கை படாமல் கிடந்ததாக எழுதினார்.

வேலைக்காலம் முழுக்க மற்றவர்களின் நிலத்தை அளந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் தொல்லியல் சங்கத்தில் சேர்ந்து, ஆண்டுதோறும் பின்வரிசையில் உட்கார்ந்து தேநீரும் கறிப்பாப்பும் சாப்பிட்டுத் திரும்பினார். இந்த ஆண்டு அலோர் ஸ்டார் மாநாட்டில் அவரே மேடை ஏறினார். யாரோ 'டாக்டர் வல்லிபுரம்' என்று தவறாக அறிவித்தார்கள். அவர் திருத்தவில்லை. மனிதர் அன்று நடந்த நடையே வேறாக இருந்ததாம், காரோட்டிப் போன மனோகரி பிறகு வாசுகியிடம் சொன்னாள்.

ஒரே ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். பெண்டாங்கில் ஆசிரியராக இருக்கும் புவனேசன். "ஐயா, பிற்காலத்துல யாராவது எடுத்து வேற எதுக்காவது பயன்படுத்துன கல்லா இருக்க வாய்ப்பு உண்டா?"

"இல்லை" என்றார் வல்லிபுரம். கைதட்டல் எழுந்தது.

ஆனால் மாநாட்டில் பேசுவது ஒன்று, தொகுப்பில் அச்சாவது வேறொன்று. தொகுப்பாசிரியர் ஷாமளா அந்த வித்தியாசத்துக்காகவே பிறந்தவர். கல்யாணம் வேண்டாம் என்று காற்புள்ளிகளோடு குடித்தனம் நடத்துகிறார் என்பது சங்கத்துக் கேலி. அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையைத் தொகுப்பின் முதலிலேயே போட நினைக்கிறார். கல்லின் எல்லாப் பக்கங்களுக்கும், அடிப்பக்கம் உட்பட, படம் வேண்டும். கண்டெடுத்த இடம் உண்மை என்ற உறுதிமொழியும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

அடிப்பக்கத்தில்தான் பெயர் இருந்தது. பால் வாளிகள் உரசித் தேய்க்காமல் இருக்கட்டும் என்று லயத்து ஆட்கள் அங்கே கொத்தியிருந்தார்கள். உளி பிடித்துப் பழகாத கையின் கோணல் எழுத்து. நிழலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தவர்கள் விரலால் தடவித் தடவி அது வழவழப்பாகியிருந்தது.

ஒரு மத்தியானம் வானொலியை உரக்க வைத்துவிட்டு, சாணை எந்திரத்தால் வல்லிபுரம் அதை அழித்தார். அலமாரி செய்கிறார் என்று அக்கம்பக்கம் நினைத்தது. ஒவ்வோர் எழுத்தாகப் புகைந்து போனது. வெள்ளைத் தூள் மூக்கிலும் நாக்கிலும் படிந்தது. கல்தூளுக்கு அப்படி ஒரு வாடை இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. புளித்த ரப்பர் பாலின் வாடை.

*

இருளப்பன் வந்துபோனதிலிருந்து அந்த வாடை வீட்டுக்குள் நடமாடியது.

மனோகரி குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து கழுவினாள். சாக்கடைக்குள் மருந்து ஊற்றினாள். வாடை காலையில் சாமி அறைப் பலகையிலும், மத்தியானம் இஸ்திரி மேசையிலும், மாலையில் மாடிப்படியின் கைப்பிடியிலும் இருந்தது. போகும் இடமெல்லாம் ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுப்போனது. துணியால் துடைத்தால் பிசுபிசுவென்று இழுபட்டு, விரலில் நூல் நூலாக ஒட்டிக்கொண்டது. புத்தக அலமாரியின் தட்டு நடுவில் வளைந்தது. தேக்குக் கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. நிறுத்தி வைத்த வேனின் பின்பக்கம், ஆளே ஏறாமல், ஒரு பெருமூச்சோடு அமிழ்ந்து எழுந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

"கறையான் பிடிச்சுப்போட்டுது" என்றாள் மனோகரி. "ஆரையும் கூப்பிட்டு மருந்தடியுங்கோ."

"ஓம்" என்றார் அவர். வேனுக்குக் கறையான் பிடிக்குமா என்று அவள் கேட்கவில்லை.

ரஜனி பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, எங்கட வீட்டுக்குள்ள பூனை வருதோ?"

"இல்லையே. ஏன்?"

"படுத்திருக்கேக்க ஆரோ காலைத் தடவின மாதிரி. முதல் பாதம். பிறகு முழங்கால். மெதுவாத் தடவித் தடவி மேல வந்தது. நான் எழும்பி இருந்ததும் விட்டிட்டுது." சிரிக்கப் பார்த்தாள். "ஈரக் கை, அப்பா."

வல்லிபுரத்துக்கு இருளப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. கிடையாக எது தட்டுப்படுகிறதோ.

"இனி நீ படுக்காதை பிள்ளை. சாய்ஞ்சு இருந்தபடியே நித்திரை கொள். நெஞ்செரிவுக்கு நல்லது."

"எனக்கு நெஞ்செரிவு இல்லையேப்பா!"

"வரும்" என்றார்.

மனோகரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெண்டாட்டிகளுக்கு அந்தப் பார்வை வந்துவிட்டால் மறைக்கிறவனுக்குச் சோறு இறங்காது. அவருக்கும் இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் மகள் பிழைப்பாள். ஆனால் முதல் கட்டுரை போகும், 'டாக்டர்' போகும், புவனேசன் எழுந்து நின்று சிரிப்பான். கல்லைத் திருப்பி வைத்தால் போதாதா? யாருக்கும் தெரியாமல்?

தோட்டத்துக்கு வேனை விட்டார். அதற்குள் மண்வாரி எந்திரம் வந்துபோயிருந்தது. பால் கொட்டகை இல்லை, லயம் இல்லை, மரம் இல்லை. சிவந்த மண் ஒரே மட்டமாக, உரித்த தோல்போல் கிடந்தது. தூண்கல்கள் நின்ற இடத்தில் புன்னகைக்கும் குடும்பம் ஒன்றின் விளம்பரப் பலகை நின்றது. வைக்க இடமில்லை. அதைப் பார்த்ததும் அவருக்குள் வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. இனி என்ன செய்ய முடியும் என்ற நிம்மதி. திரும்பும் வழியெல்லாம் அந்த நிம்மதிக்காகவே தன்மீதே அவருக்கு வெறுப்பு வந்தது.

*

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்தது.

மனோகரி கோயிலுக்குப் போயிருந்தாள். ரஜனி கூடத்தில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். வல்லிபுரம் கணினி முன் உட்கார்ந்தார். கட்டுரை தயார். வழவழவென்ற அடிப்பக்கத்தின் படம் தயார். திரையில் ஷாமளா அனுப்பிய படிவத்தின் கடைசிக் கட்டம் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. கல் இருந்த இடம் குறித்து நான் கூறியவை உண்மை.

கூரைமேல் மழை கொட்டியது. தகரத்தில் விழுந்து, சாக்கடையில் இரைந்து, எல்லாச் சத்தங்களையும் மூடியது, ஒரே ஒரு சத்தத்தைத் தவிர. அது வீட்டுக்குள் நடந்தது. அடிவயிறு கனத்தவர்கள் நடக்கும் அகன்ற, நிதானமான நடை. ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பக்கத்திலும் எதுவோ தளும்பியது.

அனுப்பிவிட்டால் முடிந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் சரிசெய்யலாம்.

கட்டத்தில் சரிக்குறி போட்டார். அனுப்பினார்.

மின்சாரம் போனது.

"அப்பா!" கூடத்திலிருந்து ரஜனி. "அப்பா, என்ர வயித்தில ஆரோ கை வைக்கிறாங்கள்!"

"எழும்பி இரு! படுக்காதை! நேரா இரு!"

எப்படி அந்தக் கல்லைத் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. சாமான் அறையிலிருந்து பின்வாசலுக்கு இழுத்து வந்து, பூந்தொட்டிக்கு வாங்கிப்போட்ட சிமெண்டுக் கட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, குறுக்கே ஏற்றினார். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. மழையில் நனைந்தபடி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "உங்கட கல்! இஞ்ச இருக்கு! வாங்கோ!"

நடை திரும்பியது. அவரைக் கடந்து வந்தது. புளித்த வாடை முகத்தில் அடித்தது.

கல்லின்மேல் ஒரு கை படிந்தது. பார்க்க முடியவில்லை, ஆனால் மழை விழுந்துகொண்டிருந்த கல்லில் ஐந்து விரல் அளவுக்கு மழை விழவில்லை. அந்த இடம் மெதுவாக நகர்ந்தது. மேற்புறம் முழுவதும் தடவியது. தாமரை இதழைத் தடவியது. பிறகு கீழே போனது. அடிப்பக்கத்துக்கு.

தேடியது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. மறுபடியும். வீட்டுக்கு வந்தவள் தன் வீட்டுக் கதவு எண்ணைத் தேடுவதுபோல.

வழவழப்பு. வெறும் வழவழப்பு.

கை நின்றது.

யாரோ மிக மெல்ல, பிள்ளையைப்போல் விசும்பினார்கள். பிறகு தளும்பல் மீண்டும் தொடங்கியது. வீட்டை நோக்கி.

அவர் ஓடினார். வழுக்கி விழுந்தார். எழுந்தார். கூடத்து ஓடுகளில் வெள்ளை வட்டங்கள். ஒன்று. அதற்கு முன்னால் ஒன்று. நாற்காலியின் கையைத் தொட்ட ஈரம். இஸ்திரி மேசை கவிழ்ந்து கிடந்தது. ரஜனி மயங்கி, சோபாவில் மல்லாந்து கிடந்தாள். கிடையாக. வயிறு மட்டும் உயர்ந்து.

அவள் பாதத்தின் அருகே மெத்தை அமுங்கியது.

முழங்காலருகே அமுங்கியது.

யோசிக்க நேரமில்லை. நனைந்த சட்டையைக் கிழித்து எறிந்தார். சோபாவின் ஓரத்தில், தரையில், கைகளையும் முழங்கால்களையும் தூணாக ஊன்றி, முதுகைப் பலகையாக்கி நின்றார்.

"இஞ்ச" என்றார். "இஞ்ச வையுங்கோ. என்ர மேல வையுங்கோ."

மெத்தை மேலெழுந்தது.

முதுகில் ஒரு கை. குளிர்ந்த, பிசுபிசுத்த கை. கழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் எலும்பாகத் தடவியது. தேடியது. அது தேடுவது என்னவென்று அவருக்குத் தெரியும். அழித்தவருக்குத் தெரியாதா?

வாயைத் திறந்தார். அந்தப் பெயரை அவர் அதுவரை ஒரு முறைகூட உச்சரித்ததில்லை.

"மருதம்மாள்."

விரல் அசையாமல் நின்றது. பிறகு அதே இடத்தில் அழுத்தி, நகத்தால், கோணல் மாணலாக ஏதோ கீறத் தொடங்கியது. அவர் பல்லைக் கடித்தார். மழை ஓயவில்லை. கடைசிக் கீறலும் முடிந்தது.

முதலில் வலப்பக்கம் ஒன்று இறங்கியது. இடப்பக்கம் ஒன்று. முதுகெலும்பு நெரிந்தது. தளும்பிய பால் விலா வழியாக வழிந்தது.

கடைசியாக நடுவில், மிகப் பதமாக, இன்னொன்று.

ஸ்ஸ்... அப்பாடா.

*

ரஜனிக்குச் சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். மருமகன் சிவரூபன் வேலையை மாற்றிக்கொண்டு அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் வீடு எடுத்து அவர்களைக் கூட்டிப்போனான். மனோகரியும் பேரப்பிள்ளை சாக்கில் அங்கேயே போய்விட்டாள். புருஷனைத் தனியே விட்டுவிட்டுப் போனாளே என்று முதலில் தாமானில் பேசினார்கள். போய்ப் பார்த்தவர்கள் பிறகு பேசவில்லை.

கட்டுரை தொகுப்பின் முதல் கட்டுரையாகவே வெளிவந்தது. எழுதியவருக்கான பிரதி உறை பிரிக்காமல் தபால் பெட்டிக்குள் ஊறிக் கிடக்கிறது. காற்புள்ளிகளை விட்டுவிட்டு ஷாமளா பெண்டாங் புவனேசனையே கட்டிக்கொண்டார். அடிப்பக்கத்துப் படத்தைப் பற்றி இரண்டு பேரும் தொலைபேசியில் சண்டை போட்டுச் சண்டை போட்டே காதல் வந்ததாகக் கேள்வி.

மருத்துவமனைக்காரர்கள் இரண்டு முறை வல்லிபுரத்தை நிமிர்த்தினார்கள். பகலில் நிமிர்ந்தார், கஞ்சி குடித்தார், பேசவில்லை. பொழுது சாய்ந்ததும் கூடத்தின் நடுவில் கையையும் காலையும் ஊன்றிவிடுவார். இருளப்பன்தான் வேலை முடிந்து வந்து ஊட்டிவிடுகிறார். ஊட்டுவதற்கு முன்னால், பாசார் சந்தையிலிருந்து கொண்டுவந்த பையை அந்த முதுகின்மேல் வைத்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு எடுத்துக்கொள்கிறார். கோபத்தில் செய்வதாகத் தெரியவில்லை. அக்காவுக்குக் கொஞ்சம் இறங்கட்டும் என்பதுபோலத்தான் செய்கிறார்.

வாசுகிக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஒரு மாலை, கீரை கொடுக்கும் சாக்கில், திறந்திருந்த வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுத்த மாதமே வீட்டை விற்றுவிட்டு ஜொகூரில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். ஊரில் உள்ளதையெல்லாம் கூட்டிச் சொல்லும் வாய் அது. இதை மட்டும் எல்லாரிடமும் ஒரே மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொல்கிறது.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. அந்த வெற்று முதுகில் கோணல் எழுத்தில் ஒரு பெயர் தழும்பாய்ப் புடைத்திருந்தது. அதற்கு வலப்பக்கம் ஒரு வெள்ளை வட்டம், இடப்பக்கம் ஒரு வெள்ளை வட்டம். இரண்டுக்கும் நடுவில், மடியில் உட்கார வைத்த கைக்குழந்தை காலை உதைத்து உதைத்து விளையாடும்போது அமுங்குமே, அதேபோல் அந்தத் தோல் இரண்டு சின்னக் குதிகால் அளவுக்குக் குழிந்து, எழுந்து, மறுபடி குழிந்துகொண்டிருந்தது.